வாலிபத் தொண்டருக்கு வழித்துணை: பியேர் செரெசோல் வரலாறு



உங்கள் வீட்டு வாலிபன் ஒருநாள் சாப்பாட்டு வேளையில், தான் ஒரு மாத காலம் அந்நிய தேசம் ஒன்றுக்குப் போகப் போவதாகச் சொல்லுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் மண்மூடிப்போன வயல்களைச் சீர்திருத்தும் தொண்டர் கூட்டத்தில் சேரப் போகிறானாம். கூலி கிடையாது. சாப்பாடும் படுக்க இடமும் மட்டும் உண்டு. கூட வேலை செய்கிறவர்கள் பல தேசத்தார், பல பாஷைக்காரர். தகப்பனார் செலவைப் பற்றிக் கேட்பார். தாயாரோ, அங்கே உன்னைக் கவனித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பாள்.

அந்தத் தாயின் கேள்வி மிகவும் நியாயமான கேள்வி. வாலிபருக்கு நல்ல மனம் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானே வரும் என்று எண்ணி அனுப்பி வைப்பதில் உள்ள ஆபத்தை அவள் அறிந்திருக்கிறாள். கையில் கொப்புளம் கண்ட மூன்றாம் நாளில் உற்சாகம் எங்கே போகும்? உதவி செய்யப் போன இடத்து ஜனங்களை அற்பமாய்ப் பேசத் தொடங்கினால் யார் தடுப்பது? வீட்டு நினைவு வந்து ஒருவன் ராத்திரியில் தூங்காமல் கிடந்தால் அதை யார் அறிவார்? இப்படிப்பட்ட வாலிபருக்குப் பக்கத்தில் நிற்க, அனுபவமுள்ள ஒரு துணை வேண்டும். அந்தத் துணையையும் பழக்கித்தான் உண்டாக்க வேண்டும். இதைத் தம் வாழ்நாளில் சிறிது சிறிதாக, தோல்வியும் பட்டுக் கற்றுக்கொண்ட ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல வந்தோம். அவர் பெயர் பியேர் செரெசோல். நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். சீர்திருத்த சபைக் குடும்பத்தில் பிறந்து, 1936-ம் வருஷத்தில் குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தில் சேர்ந்தவர். ஆனாலும் மலைப்பிரசங்கத்தை அவர் எடுத்துக்கொண்ட விதத்தை நம் குடும்பங்களும் அறிந்திருப்பது நல்லது.

1879-ம் வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி சுவிட்சர்லாந்து தேசத்தில் லோசான் நகரத்தில் பியேர் பிறந்தார். பெரிய வீட்டுப் பிள்ளை. தகப்பனார் பவுல் செரெசோல் 1873-ல் அந்தத் தேசத்தின் ஜனாதிபதியாக இருந்தவர், ராணுவத்திலும் உயர்ந்த பதவி வகித்தவர். பிள்ளை சூரிக் நகரத்தில் இஞ்சினீயர் படிப்புப் படித்தார், ஜெர்மனியிலும் உயர்ந்த கல்வி கற்றார். இப்படிப்பட்டவருக்குக் காத்திருந்த உத்தியோகங்களை நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். அவரோ 1909-ல் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அங்கே கை வேலைகள் செய்து பிழைத்தார். ஹவாய்த் தீவுகளில் சில காலம் இருந்தார். ஜப்பானில் ஒரு சுவிஸ் கம்பெனியின் இஞ்சினீயராக வேலை பார்த்தார். 1914-ல், முதல் உலக யுத்தம் மூண்ட வருஷத்தில், ஊர் திரும்பினார்.

யுத்தம் அவர் மனதை உலுக்கிவிட்டது. கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் தேசத்தார் இரண்டு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் கொல்லுவதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. அச்சமயம் ஜான் போட்ரா என்னும் இளம் பள்ளி ஆசிரியர், கிறிஸ்தவன் என்ற முறையில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று மறுத்துச் சிறைக்குப் போனார். ஜனாதிபதி மகனுக்கு இல்லாத தைரியம் ஒரு கிராமத்து வாத்தியாருக்கு இருந்ததை எண்ணிப் பியேர் வெட்கப்பட்டார். தகப்பனார் வழியில் தமக்கு வந்த சொத்தை அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டார். அவருக்கு உடல்நிலை காரணமாக ராணுவ சேவை கிடையாது, அதற்குப் பதிலாக ஒரு வரி மட்டும் உண்டு. அந்த வரியையும் கட்ட மறுத்தார். அதற்காக 1917-ல் முதன்முறை சிறையில் வைக்கப்பட்டார். பிறகும் பலமுறை இப்படியே நடந்தது.

இவ்வளவோடு நின்றிருந்தால் பியேர் செரெசோல் மனச்சாட்சிக்காகத் துன்பப்பட்ட ஒரு நல்ல மனிதராக மட்டும் இருந்திருப்பார். அவரோ, வேண்டாம் என்று மறுப்பது பாதி வேலைதான் என்று கண்டுகொண்டார். யுத்தத்துக்குப் போகிற வாலிபன் வீட்டை விடுகிறான், உயிரைக் கொடுக்கத் துணிகிறான். சமாதானம் விரும்புகிற வாலிபன் மட்டும் வீட்டிலிருந்து பேசிக்கொண்டிருந்தால் போதுமா என்று அவருக்குத் தோன்றியது.

1919-ல் ஹாலந்து தேசத்தில் பில்ட்ஹோவன் என்னும் ஊரில் பல தேசத்துக் கிறிஸ்தவர்கள் சமாதானத்துக்காகக் கூடினார்கள். பியேர் அவர்களுக்குச் செயலாளரானார். மறு வருஷம் கூடியபோது, பிரான்சில் தம் நாட்டார் அழித்ததைத் திரும்பக் கட்ட உதவ வேண்டும் என்ற எண்ணத்தை ஒரு ஜெர்மானியர் எழுப்பினார். பேச்சு நின்று வேலை தொடங்கட்டும் என்று காத்திருந்த பியேருக்கு அது போதுமானதாயிருந்தது. 1920 நவம்பரில், வெர்டன் போர்க்களத்துக்கு அருகே தரைமட்டமாகிக் கிடந்த ஏன் என்னும் சிறு கிராமத்துக்குப் போனார். அவரோடு ஹூபர்ட் பாரிஸ் என்னும் ஆங்கிலேயக் குவேக்கர் போனார். யுத்தத்தில் அழிந்த இடங்களில் நிவாரண வேலை செய்து பழகியவர் அவர். ஒரு கைப்பிடி தொண்டர் சேர்ந்தார்கள், அவர்களில் ஜெர்மானியரும் உண்டு. குளிர்காலம் முழுவதும் மரவீடுகள் கட்டினார்கள், பாதைகளைச் செப்பனிட்டார்கள்.

வாசகரே, பகைவனாக இருந்தவன் தன் ஊரில் மண்வெட்டியோடு நிற்பதைக் காணும் கிராமத்தாரின் மனதை நினைத்துப் பாருங்கள். முதலில் சந்தேகம், பிறகு கொஞ்சம் பழக்கம். ஆனால் மேலிடத்திலிருந்து நெருக்கடி வந்தது. ஜெர்மானியரை அனுப்பிவிட்டால் மற்றவர்கள் இருக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. அதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. 1921 வசந்தத்தில், சுமார் ஐந்து மாத வேலைக்குப் பின், எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் அது தோல்விதான். ஆனால் அந்தக் குளிர்காலம் பியேருக்கு ஒரு பாடத்தைக் கற்பித்திருக்க வேண்டும் என்பது எம் எண்ணம். அவர் பெரிய மனசு படைத்தவர், கனவு காண்கிறவர், எல்லாரையும் நம்புகிறவர். ஆனால் மரம் எங்கே வாங்குவது, இன்றைக்கு யார் எந்த வேலைக்குப் போவது, இருவருக்குள் மனஸ்தாபம் வந்தால் யார் தீர்ப்பது என்பவை கனவினால் நடக்கிற காரியங்கள் அல்ல.

இந்தக் குறையை நிரப்பியவர் யார் தெரியுமா? அவருடைய சொந்தச் சகோதரர் எர்னெஸ்ட் செரெசோல். அவர் சுவிஸ் ராணுவத்தில் கர்னல்! தம்பி ராணுவ வரியைக்கூடக் கட்டாமல் சிறைக்குப் போகிறவர், அண்ணன் ராணுவ உடுப்பு அணிகிறவர். வேறு குடும்பமாயிருந்தால் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள். இங்கேயோ, மனிதரை வரிசைப்படுத்தி வேலை வாங்கவும், விடியுமுன் எழுப்பவும், களைத்தவனை அடையாளம் காணவும் ராணுவத்தில் கற்றதையெல்லாம் அந்த அண்ணன் தம்பியின் சமாதானத் தொண்டுக்குக் கொண்டுவந்தார். பகைமை உணர்ச்சியை விட்டுவிட்டு ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொண்டார் பியேர்.

1924-ல் சுவிட்சர்லாந்து மலைகளில் ஓர்மோன் பள்ளத்தாக்கில், வேர்-லெக்லீஸ் என்னும் ஊரில் பனிச்சரிவு விழுந்து, கல்லும் முறிந்த மரமும் நிலத்தை மூடிவிட்டன. ஆகஸ்டு மாதத்தில் சகோதரர் இருவரும் தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். அந்நாட்களில் சுவிட்சர்லாந்தில் ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. ஆயுதம் எடுக்க மனச்சாட்சி இடங்கொடாத வாலிபருக்கு, அதற்குப் பதிலாகப் பொதுநல வேலை கொடுக்கும் சட்டம் வேண்டும் என்று சுமார் 40,000 பேர் கையெழுத்திட்டுக் கேட்டிருந்தார்கள். பாராளுமன்றம் அதை ஏற்கவில்லை. அப்படியானால் சட்டம் வரும்வரை காத்திராமல் வேலையைச் செய்தே காட்டுவோம் என்று பியேர் முடிவு செய்தார். ஆகவே அந்த முகாமில் சோம்பலுக்கும் கூச்சலுக்கும் இடமில்லை. ராணுவத்தானுக்குக் குறையாமல் இவர்களும் உழைப்பார்கள், கீழ்ப்படிவார்கள் என்று ஊரார் கண்ணால் காணவேண்டியிருந்தது.

அங்கே பழக்கத்துக்கு வந்த சில ஒழுங்குகளைக் கேளுங்கள். மெய்யாகவே தேவையுள்ள இடத்துக்குத்தான் போகவேண்டும். உள்ளூர்க் கூலியாளின் பிழைப்பைக் கெடுக்கிற வேலையைத் தொடக்கூடாது. தொண்டருக்குச் சம்பளம் இல்லை. எந்த மதத்தானையும், எந்தக் கட்சிக்காரனையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் பிரசாரத்துக்கு அது இடமல்ல. ஒவ்வொரு முகாமுக்கும் பொறுப்பாளர் ஒருவர் உண்டு, அவர் சொல்லுக்கு எல்லாரும் கட்டுப்பட வேண்டும். தொண்டர்கள் ஒருவரை ஒருவர் நண்பர் என்று அழைத்தார்கள். சமையல், துணி வெளுப்பு, தையல் ஆகியவற்றைக் கவனித்த பெண் தொண்டர்களைச் சகோதரிகள் என்று அழைத்தார்கள். அந்தச் சகோதரிகளைப் பற்றிப் புத்தகங்கள் குறைவாகவே பேசுகின்றன. ஆனால் நாள் முழுதும் கல் சுமந்து வந்த இருபது வயதுப் பிள்ளை தன் மனக்கஷ்டத்தைக் கர்னலிடமா சொல்லுவான்? அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பவளிடம்தான் சொல்லியிருப்பான். இது எம் ஊகம். வீட்டில் பிள்ளை வளர்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

பெரிய சோதனை 1928-ல் வந்தது. அதற்கு முந்தின வருஷம் செப்டம்பரில் ரைன் நதி கரையை உடைத்துக்கொண்டு லீக்டன்ஸ்டைன் என்னும் மிகச் சிறிய தேசத்துக்குள் பாய்ந்தது. வெள்ளம் வடிந்தபோது வயல்கள் சரளைக்கல்லும் மணலுமாய்க் கிடந்தன. ஏப்ரலிலிருந்து இலையுதிர் காலம் வரை, சுமார் 20 தேசங்களிலிருந்து 700-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் ஷான் என்னும் ஊரைத் தங்குமிடமாகக் கொண்டு உழைத்தார்கள். சிறு தண்டவாளம் போட்டு, தள்ளுவண்டிகளில் கல்லையும் மணலையும் வாரி அப்புறப்படுத்தினார்கள். மாணவரும் தொழிலாளியும், வாத்தியாரும் தச்சனும் ஒரே வண்டியைத் தள்ளினார்கள்.

எழுநூறு பேரும் ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போகவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். சிலர் வருவதும் சிலர் போவதுமாக இருந்தது. ஒவ்வொரு வாரமும் புதியவனுக்கு மண்வெட்டி பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும், அவன் பாஷை தெரிந்தவனோடு சேர்த்துவிட வேண்டும், பழையவர் புதியவரைக் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பியேரும் ஒரு எர்னெஸ்டும் இதற்கெல்லாம் போதவே மாட்டார்கள். ஆகையால் முகாமில் கொஞ்சக் காலம் உழைத்தவர்களே அடுத்து வருகிறவர்களுக்குத் துணையாக வேண்டியிருந்தது. பிற்காலத்துச் சேவை முகாம்களை நடத்தியவர்கள் பலர் இப்படி முந்தின முகாம்களில் மண்வெட்டி பிடித்தவர்கள்தான். இதற்கென்று அன்று பள்ளிக்கூடம் ஏது?

1930-ல் பிரான்சின் தென்பாகத்தில் வெள்ளத்தால் அழிந்த லகார்டு கிராமத்துக்குப் போனார்கள். பத்து வருஷத்துக்கு முன் ஜெர்மானியரை வேண்டாமென்ற அதே தேசத்தில் இப்போது ஜெர்மானியரும் சேர்ந்து வேலை செய்தார்கள். 1931-ல் வேல்ஸ் நாட்டில், சுரங்கங்கள் மூடி ஜனங்கள் வேலையின்றித் தவித்த பிரின்மார் ஊரில், நிலக்கரிக் கழிவு கொட்டிய இடத்தை ஊர்க்காரரோடு சேர்ந்து பூங்காவும் நீச்சல் குளமுமாக்கினார்கள்.

இனி நம் தேசத்துக்கு வருவோம். 1934 ஜனவரி 15-ந் தேதி பீகாரில் பயங்கரமான பூகம்பம் உண்டாயிற்று. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். பூமி வெடித்து மணலும் தண்ணீரும் பீறிட்டு வயல்களை மூடின. நிலமட்டம் மாறியதால் மழைக்காலத்தில் முழுகிப்போகும் நிலைக்குப் பல கிராமங்கள் வந்துவிட்டன. காந்தியடிகள் 1931 டிசம்பரில் சுவிட்சர்லாந்துக்கு வந்திருந்தபோது பியேர் அவரைச் சந்தித்திருந்தார். இப்போது அந்தத் தேசத்துக்கு ஆபத்து என்றதும் அவர் மனம் பொறுக்கவில்லை.

ஆனால் இம்முறை அவர் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். வாலிபரைத் திரட்டிக்கொண்டு உடனே கப்பலேறவில்லை. முதலில் தாம் மட்டும் வந்தார். இடத்தைப் பார்த்தார். நிவாரணக் கமிட்டியை நடத்திய ராஜேந்திர பிரசாத்தைக் கண்டு பேசினார். அவரே பிற்பாடு, 1950-ல், சுதந்திர இந்தியாவின் முதல் ஜனாதிபதியானவர். காந்தியடிகளையும் பார்த்தார், ஆங்கிலேய அதிகாரிகளையும் பார்த்தார். காங்கிரசாரும் அரசாங்கத்தாரும் ஒருவரை ஒருவர் நம்பாத காலம் அது. இரு தரப்பாரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை எது என்று தேடினார். நம் நாட்டில் மண் சுமக்க ஆள் குறைவில்லை என்பதையும் கண்டார். ஆகவே நூற்றுக்கணக்கான ஐரோப்பியரை அழைத்து வருவது வீண். ஊராரோடு கூட நின்று உழைக்கச் சிலர் போதும்.

அவ்வருஷக் கடைசியில் திரும்பி வந்தபோது ஆங்கிலேயர் ஜோ வில்கின்சன், பிரேசர் ஹாய்லண்டு, சுவிஸ் நாட்டார் பவுல் ஷெங்கர் ஆகியோர் அவரோடு உழைத்தார்கள். முசாபர்பூர்ப் பக்கத்தில், வெள்ளம் ஏறாத மேட்டு நிலத்தில் புதிய கிராமங்களை அமைப்பது வேலை. முதல் கிராமத்துக்குச் சாந்திபூர் என்று பெயர். படித்த வெள்ளைக்காரர் மண்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பதை அந்த ஜனங்கள் அதற்குமுன் கண்டதில்லை. பியேருக்கு அப்போது வயது 55. சூடும் தூசியும் பழக்கமில்லாத உணவும் அவருக்கும் உண்டு. தம்மோடு வந்தவர்களை ஏவிவிட்டு நிழலில் உட்காருகிறவராக அவர் இருக்கவில்லை. ஐரோப்பாவுக்குப் போவதும் வருவதுமாக, 1937-ல் அந்த வேலை முடியும் வரை அதற்காகப் பாடுபட்டார்.

இதே சமயத்தில் ஐரோப்பாவில் அவர் பழக்கிய வித்து வேறோரிடத்தில் முளைத்தது. ரொடோல்போ ஒல்ஜியாத்தி என்னும் சுவிஸ் ஆசிரியர் சேவை இயக்கத்தின் செயலாளராக வந்திருந்தார். ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் மூண்டபோது, 1937-ல், குழந்தைகளைக் காப்பாற்ற லாரிகளோடும் வாலிபத் தொண்டர்களோடும் அவர் புறப்பட்டார். அப்படிப் போனவர்களில் எலிசபெத் ஐடன்பென்ஸ் என்னும் இளம் ஆசிரியை ஒருத்தி. ஸ்பெயினிலிருந்து அகதிகள் பிரான்சுக்குள் ஓடிவந்தபோது, தென்பிரான்சில் எல்ன் என்னும் ஊரில் ஒரு பிரசவ விடுதியை அவள் நடத்தினாள். 1939 முதல் 1944 வரை சுமார் 600 குழந்தைகள் அங்கே பிறந்தன. அகதி முகாமின் மணலில் பிறந்து மடிந்திருக்க வேண்டிய பச்சிளங் குழந்தைகள். யூதத் தாய்மாருக்கும் அங்கே அடைக்கலம் கிடைத்தது. அந்த அம்மாள் 2011-ல்தான் காலமானார்.

பியேரின் கடைசி வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1941-ல், அறுபது கடந்த வயதில், லீஸ் தாவீது என்னும் அம்மையாரை மணந்தார். இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, 1942-லும் 1944-லும், யாரிடமும் அனுமதி பெறாமல் எல்லையைக் கடந்து ஜெர்மனிக்குள் நுழைந்தார். அங்குள்ளவர்களிடம் சமாதானத்தைப் பற்றி நேரில் பேசவேண்டும் என்பது அவர் விருப்பம். பிடிபட்டார், திருப்பி அனுப்பப்பட்டார், சொந்த நாட்டிலும் சிறைவாசம் செய்தார். இந்தச் செய்கை புத்திசாலித்தனமா என்று கேட்டால் எமக்கும் சந்தேகமே. ஆனால் வாசகரே, ஒன்றைக் கவனித்தீர்களா? இந்த அபாயகரமான காரியத்துக்குப் பியேர் எந்த வாலிபனையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்லத்தக்க பாதை எது, தான் மட்டும் நடக்கவேண்டிய பாதை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளைப் பொறுப்பேற்கிறவருக்கு இதைவிட முக்கியமான அறிவு வேறு உண்டா என்று தெரியவில்லை.

சிறைவாசத்துக்குப் பின் உடல் தளர்ந்து, யுத்தம் ஓய்ந்த சில மாதங்களில், 1945 அக்டோபர் 23-ந் தேதி லோசானுக்கு அருகே லூத்ரியில் உயிர்நீத்தார்.

அவர் தொடங்கிய சர்வதேச சிவில் சேவை இயக்கம் 2020-ல் நூறு வருஷத்தைக் கண்டது. மண்வெட்டியும் முறிந்த வாளும் அதன் சின்னம். இன்று முகாம்களை நடத்தப் போகிறவர்களுக்கென்றே முன்கூட்டிப் பயிற்சி வைக்கிறார்கள். அந்நிய தேசத்துக்குப் போகும் வாலிபர் புறப்படுமுன் அவர்களை உட்காரவைத்து, அந்த நாட்டு வழக்கத்தையும், உடல்நலம் காக்கும் முறையையும், எதை எதிர்பார்க்கலாம் எதை எதிர்பார்க்கக்கூடாது என்பதையும் எடுத்துச் சொல்லுகிறார்கள். திரும்பி வந்தபின் அவர்கள் கண்டதையும் கஷ்டப்பட்டதையும் உட்கார்ந்து கேட்கிறார்கள். உங்கள் பிள்ளை எந்தக் கூட்டத்தாரோடு போவதாயிருந்தாலும், இவை மூன்றும் அங்கே உண்டா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பொறுப்பாளர் எந்த முகாமில், யார் கீழே வேலை செய்து பழகியவர் என்றும் கேளுங்கள்.

சுவிட்சர்லாந்தில் 40,000 பேர் கையெழுத்திட்டுக் கேட்ட அந்தச் சட்டம், 1992-ல் ஜனங்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டபின், 1996-ல் நடைமுறைக்கு வந்தது. பியேர் செரெசோல் இறந்து அப்போது 51 வருஷங்கள் ஆகியிருந்தன.